குதிகால் சத்தம்

அத்தியாயம் பதினாறு

"ஒரு மணி நேரம் போதும். உங்க ஸ்டூடியோவுல, உங்க அப்பா அம்மா முன்னாடி. அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

போன வாரம் தொலைபேசியில் சுருட்டை கேட்டது இவ்வளவுதான். வாண்டு சரி என்று சொல்லிவிட்டாள். எதற்காகச் சொன்னோம் என்று இத்தனை நாள் யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சுவரொட்டிகளில் வாண்டுவுக்கு வேறு பெயர். வெளியில் அவளைக் கதவுக்காரி என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு வந்த அவளுடைய கதவுப் பாட்டு, பேருந்து முதல் முடிதிருத்தும் கடை வரைக்கும் ஒலித்தது. வீட்டில் மட்டும், இருபத்து நான்கு வயதிலும், அவள் வாண்டுதான்.

அந்தப் பாட்டின் கடைசியில் ஒரு வரி வரும். 'கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.' குரல் ஒவ்வொரு படியாக ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, நடுங்காமல் அணையும். வாண்டுவுக்குப் பரிசு கிடைத்ததே அந்த ஒரு வரிக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அது தன் குரல் என்று சுருட்டை சொன்னாள். பாட்டு வெளிவந்த மறுவாரமே சொன்னாள். அந்தப் பாட்டுக்காக வாண்டுவின் அப்பாவுடைய ஸ்டூடியோவில் ஒரே நாளில் இரண்டு பேரையும் பாடவைத்துப் பார்த்தார்கள். காலையில் சுருட்டை, மத்தியானம் வாண்டு. இசையமைப்பாளர் வாண்டுவைத் தேர்ந்தெடுத்தார். தோற்றவள் புலம்புகிறாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைத்தான் இத்தனை அத்தியாயமாகப் பார்த்தோம். வாண்டு ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டே, பாட வாய்ப்பில்லாதவர்களுக்குப் புகார் சொல்வதுதான் பொழுதுபோக்கு என்றாள். சுருட்டை ஒரு மேடையில் அதே பாட்டைப் பாடி, கடைசி வரியில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். "நீங்க பாடுங்க. பாடாதவங்களுக்கும் பரிசு குடுக்கறாங்க." அந்தப் பேச்சுக்குப் பிறகு சுருட்டையை யாரும் பாடக் கூப்பிடவில்லை.

சுருட்டை கொடுத்த புகாருக்காகத் திங்கட்கிழமை பாடகர் சங்கத்தில் விசாரணை. பாட்டு முழுவதும் தன் குரல்தான் என்று வாண்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒலிப்பதிவு செய்தவர் என்கிற முறையில் அவளுடைய அப்பாவும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது பொய் என்று ஆனால் இருவருக்கும் இனி அந்தத் தொழிலில் இடமில்லை.

இன்று சனிக்கிழமை.

*

வீட்டின் கீழ்த்தளம்தான் ஸ்டூடியோ. நடுவில் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிற அறை, இந்தப் பக்கம் அப்பா ஒலியைக் கலக்கும் கன்சோல். அதற்குப் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலியில் அம்மா.

அம்மாவுக்கு மேடை உடைகளுக்கு மணியும் பொத்தானும் தைக்கிற வேலை. மாடியில் நல்ல வெளிச்சம் இருந்தும் அவள் கீழேதான் உட்கார்ந்து தைப்பாள். அப்பாவுக்கு வரும் தொலைபேசியைக்கூட அவள்தான் எடுப்பாள். சாருக்கு மேடம் பின்னாடி இல்லாவிட்டால் மைக்கே வேலை செய்யாது என்று பாட வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அப்பா லேசாகச் சிரிப்பார். அவர் எப்போதுமே குறைவாகப் பேசுகிறவர்.

சுருட்டை பத்து மணிக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சுருள்முடியை இறுக்கிக் கட்டியிருந்ததில் முகம் சின்னதாகத் தெரிந்தது. "வணக்கம் சார்" என்றாள். அப்பா அவள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அம்மா தண்ணீர் நீட்டினாள். வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு, வாங்கி முழுவதையும் குடித்தாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் வாண்டு. அந்த 'உங்களுக்கு' கல்லைப்போல விழுந்தது.

சுருட்டை கதவுப் பாட்டைப் போடச் சொன்னாள். கடைசி வரி மட்டும் போதும் என்றாள்.

அப்பா போட்டார். குரல் ஏறியது, நின்றது, அணைந்தது. அணைந்த அந்த நொடியில் அடியில் எங்கோ தொம்மென்று ஒரு சின்னச் சத்தம்.

அந்தச் சத்தம் உலகத்துக்கே தெரியும். கதவு சாத்துகிற சத்தம் என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தனக்குத் தோன்றிய யோசனை அது என்று இசையமைப்பாளரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். மேடையில் வாண்டு பாடும்போது அந்த இடத்தில் டிரம்ஸ்காரர் ஒரு தட்டுத் தட்டுவார். கூட்டம் மொத்தமும் காலால் தரையை உதைக்கும்.

"அது கதவு இல்லை. என் குதிகால்" என்றாள் சுருட்டை.

அவளுக்கே அது போன மாதம்தான் தெரியவந்ததாம். வீடு மாறி மரத்தளம் போட்ட ஒரு மாடிக்குக் குடிவந்திருக்கிறாள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்து, நீங்கள் பாடுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, ஒவ்வொரு பாட்டிலும் உச்சத்துக்குப் போய்விட்டு என் தலையில் இடிபோல இறங்குகிறீர்களே, அதுதான் தாங்கவில்லை என்றாராம். அப்போதுதான் அவள் தன் காலைக் கவனித்தாள். குரல் ஏறும்போது குதிகால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. முடிந்ததும் விழுகிறது.

"அந்த மைக்குக்குக் கீழ இருக்கற பலகை உள்ளே பொள்ளல், காலியா இருக்கும். நான் அன்னைக்கு அதுலதான் நின்னேன்."

"பலகை எல்லாருக்கும்தானே இருக்கு?" என்றாள் வாண்டு.

சுருட்டை கண்ணாடிக்கு அப்பால் மைக் அருகே இருந்த உயரமான முக்காலியைப் பார்த்தாள். வாண்டுவும் பார்த்தாள். ஏழு வயதிலிருந்து அவள் அதில் உட்கார்ந்துதான் பாடுகிறாள். அவள் கால் தரையில் படாது.

*

சுருட்டை உள்ளே போனாள். முக்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நின்றாள். அப்பா பின்னிசையை ஓடவிட்டார்.

அவள் பாடினாள். அறையில் இருந்த எல்லாமே நின்றுவிட்டதுபோல் இருந்தது. வாண்டு அந்த வரியை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், பாட முயன்றிருக்கிறாள். மேடைக்கு அரைச் சுரம் இறக்கிவைத்துக்கொண்டுதான் பாடுவாள். அன்றைக்கு மட்டும் தனக்கு எப்படியோ வந்தது, இன்னொரு நாள் வரும் என்று மூன்று வருடம் காத்திருந்தாள். இப்போது அது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சிரமமே இல்லாமல்.

தொம்.

அந்தச் சத்தத்துக்கு அப்பா தலையைத் தூக்கினார். குரலுக்குத் தூக்கவில்லை. சத்தத்துக்குத்தான் தூக்கினார். அது வாண்டுவின் மனதில் ஒரு முள்ளாகத் தைத்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள் வாண்டு.

சுருட்டை மறுபடி பாடினாள். இந்த முறை பதற்றமோ என்னவோ, உச்சத்தில் குரல் பிசிறிக் கிழிந்தது. கிழிந்த துணியைப் பிடிப்பதுபோல அதைப் பிடிக்கப் பார்த்து அவளே நிறுத்திவிட்டாள்.

பின்னால் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத் தலையைக் குனிந்தாள்.

அப்பா கட்டைவிரலை உயர்த்தினார். அருமை என்று அர்த்தம்.

"என்ன சார், கிண்டல் பண்றீங்களா?" ஸ்பீக்கரில் சுருட்டையின் குரல் நடுங்கியது.

அப்பா விரலை இறக்கவில்லை. வாண்டு அவர் கண்ணைப் பார்த்தாள். அது சுருட்டையின் மேல் இல்லை. கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த பிரம்பு நாற்காலியின் நிழல் மேல் இருந்தது. குனிந்த தலையின் மேல் இருந்தது.

அம்மா தலையசைத்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

வாண்டு மெதுவாக எழுந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"அப்பா, என் பாட்டு நல்லாயிருக்காப்பா?"

அவர் கன்சோலில் ஒரு பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார். அம்மாவின் மடியிலிருந்து மணிகள் சரிந்து தரையெங்கும் உருண்டன. யாரும் பொறுக்கவில்லை.

*

கடைசி மணி உருண்டு சுவரில் முட்டி நின்றது.

கடைசியில் அப்பா நாற்காலியைத் திருப்பி மகளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய எதுவும் அவருக்கு மிச்சமிருக்கவில்லை.

ஐந்து வருடமாகவே உயர்ந்த சுருதிச் சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன என்றார். முதலில் பறவைகள் போயின. அப்புறம் குழாயில் தண்ணீர் சொட்டுவது. "தாளம் கேக்குது. கனமான சத்தம் கேக்குது. உன் குரல்ல பாதி கேக்குது. மீதியை ஞாபகத்துல இருந்து போட்டுக்கறேன்."

கதவுப் பாட்டைப் பதிவு செய்த அன்று அம்மா இங்கே இல்லை. தன் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே இருந்தாள். சாயங்காலத்துக்குள் பாட்டைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி நெருக்கினார்கள். இரண்டு பேர் பாடியவையும் திரையில் கோடு கோடாக ஒன்றின் கீழ் ஒன்று கிடந்தது. காதால் செய்கிற வேலையை அவர் கண்ணால் செய்தார். ஒலி அலைகளின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டினார்.

"அந்த வரியில ஒரு அலை மட்டும் அப்படி ஒழுங்கா, அழகா இருந்தது. இவ்வளவு அழகா இருக்கே, என் பொண்ணோடதுதான்னு எடுத்துட்டேன்."

சுருட்டை உள்ளேயிருந்து வந்து கதவருகில் நின்றிருந்தாள். ஹெட்ஃபோனின் தடம் இன்னும் தலைமுடியில் இருந்தது.

"நான் சொன்னப்ப?" என்றாள்.

அப்பா அவள் உதட்டைப் படித்தார். தலையைக் குனிந்துகொண்டார். சந்தேகம் வந்தது என்றார். மூலப்பதிவு இருந்த டிஸ்க்கை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அழிந்துபோய்விட்டது என்று சங்கத்துக்கு எழுதினார். கேட்டுப் பார்க்கக் காது இல்லை. மனைவியிடம் கேட்கலாம். கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் அம்மா. "நீங்க கேக்கலைன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

வாண்டு திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"ரேடியோவுல முதல் தடவை வந்தப்பவே. பெத்தவளுக்கு மூச்சு தெரியாதா."

"மூணு வருஷம்மா. தினம் காலையில எந்திரிச்சு அந்த வரிக்காகத் தொண்டையைக் கிழிச்சுக்கிட்டேன். பார்த்துக்கிட்டேதானே இருந்தே?"

அம்மா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். எடுத்தாள். மறுபடி குத்தினாள்.

"நான் வேற என்ன பண்ணுவேன், வாண்டு. சுடுதண்ணி வெச்சுக் குடுத்தேன்."

*

பாடும் அறையின் கதவு தடிமனானது. சாத்தினால் உலகம் வெளியே நின்றுவிடும். தன் ரத்தம் ஓடுவதுகூடக் காதில் விழும். வாண்டு அதற்குள் போய், முக்காலிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல சுரம். அதை நம்பித்தான் மேடை ஏறினாள், சண்டை போட்டாள், ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தாள். அது அவளுடையது இல்லை என்றால் மிச்சம் இருப்பது எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சுருட்டை வந்தாள். கதவைச் சாத்திவிட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து அவளும் தரையில் உட்கார்ந்தாள். இருவருடைய பாதங்களுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி. அதில் அந்தப் பொள்ளல் பலகை.

"திட்டுங்க" என்றாள் வாண்டு.

"திட்டத்தான் வந்தேன். மூணு வருஷமா ஒத்திகை பார்த்து வெச்சிருந்தேன். ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரலை."

கண்ணாடிக்கு அப்பால் அம்மா மண்டியிட்டு மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவும் குனிந்து உதவப்போனார். ஒரே மணிக்கு இருவரும் கை நீட்டி, இருவருமே விட்டுவிட்டார்கள்.

சுருட்டை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, திங்கட்கிழமை வரமாட்டேன், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

"உங்க தயவு எனக்கு வேண்டாம்."

"உங்களுக்கு இல்லை. அவருக்கு." கண்ணாடியைக் காட்டினாள். "உண்மையைச் சொல்லணும்னா அவருக்குக் காது கேக்காதுன்னு சொல்லணும். அதுக்கப்புறம் இந்தப் படியை மிதிச்சு யார் வருவாங்க? கூப்பிட ஆள் இல்லாம வீட்ல உட்கார்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். முதல் மாசம் போனைக் கையிலேயே வெச்சிருப்போம். அப்புறம் சார்ஜ் போடவே மறந்துடுவோம்."

வியாழக்கிழமை அப்பாவுக்கு ஒரு புதிய தொகுப்பின் பதிவு தொடங்க வேண்டும். எட்டுப் பாட்டு. அதே இசையமைப்பாளர்.

வாண்டு கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பினாள்.

"நீங்க வரலேன்னா நான் போய்ச் சொல்லுவேன்."

"அப்பாவைப் பத்தியுமா?"

மூன்று வருடமாக இரண்டு பேரும் ஒரு சுரத்தை என்னுடையது என்னுடையது என்று இழுத்தார்கள். இன்று அதை ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஊரே உன்னைப் பொய்க்காரின்னு சொல்லுது" என்றாள் வாண்டு. "நான்தான் சொல்ல வெச்சேன். அதை அப்படியே விட்டுட்டு நான் எப்படித் தூங்கறது?"

சுருட்டை அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னை வீட்ல வாண்டுன்னா கூப்பிடறாங்க?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லை. போஸ்டர்ல புலி மாதிரி நிப்பே."

வாண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது உடைந்து அழுகையானது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சுருட்டை தட்டிக்கொடுக்கவில்லை, தேற்றவில்லை. தன் பாதத்தை நீட்டி அவள் பாதத்தின் மேல் வைத்தாள். அவ்வளவுதான்.

அழுது முடிந்ததும் வாண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்படி ஏறறே அந்த இடத்துக்கு?"

"முதல்ல முக்காலியை மறந்துட்டு எந்திரிடி."

இருவரும் அந்த ஒற்றைப் பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னிசை இல்லை. சுருட்டை விரலால் தொடையில் தாளம் போட்டாள். பாடினார்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வாண்டுவின் குதிகால் தரையை விட்டுத் தயங்கித் தயங்கி எழும்பியது. கடைசிப் படிக்கு ஒரு படி கீழே அவள் குரல் நின்றுவிட்டது. அதற்குமேல் அது போகவில்லை. இனியும் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் படியிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே சுருட்டையின் குரல் தனியாகப் போய் நின்று, அணைந்தது.

குதிகால்கள் விழுந்தன. ஒன்று. சற்றுப் பிந்தி இன்னொன்று.

கண்ணாடிக்கு அப்பால் அப்பா நிமிர்ந்தார். இந்தத் தடவை பிரம்பு நாற்காலியின் பக்கம் பார்க்கவில்லை. தரையில் உள்ளங்கையை ஊன்றி மண்டியிட்டிருந்தவர், மற்றக் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பேர். உள்ளங்கை வழியாக அவருக்குக் கேட்டுவிட்டது. கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

அப்போது மேஜைமேல் இருந்த தொலைபேசி மரத்தில் அதிர்ந்தது. மேஜைக்கால் வழியாகத் தரைக்கு இறங்கிய அந்த அதிர்வையும் உள்ளங்கையில் உணர்ந்து அவர் எழுந்து பார்த்தார். இசையமைப்பாளர்.

வழக்கம்போல அதை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

அம்மாவின் இரண்டு கையும் நிறைய மணிகள். அவள் அதைக் கீழே வைத்துத் தொலைபேசியை வாங்கவில்லை. மகளைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். தொலைபேசி அவர் கையிலேயே அதிர்ந்துகொண்டிருந்தது.